கல்யாணத்துக்குப் பதில் எம்.ஏ.

என் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை இறந்துபோனார். மஞ்சள் காமாலை. சிவகிரிக்காரர். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தார். செய்தி சொல்ல அவருடைய சித்தப்பா முதல் பஸ்ஸைப் பிடித்துச் சங்கரன்கோவிலுக்கு வந்தார். நான் பின்கட்டில் தலைக்குக் குளித்துவிட்டுத் துணி பிழிந்துகொண்டிருந்தேன். முன்னறையில் அம்மா கத்தியது கேட்டது. அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஈரக்கையோடு ஓடினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றுமில்லை என்று பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள். சொன்ன பிறகும் அந்த நிம்மதி அப்படியே இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவரை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், பெண் பார்க்க வந்த அன்று. நீல நிறச் சட்டை. பையில் இரண்டு பேனா. காது கொஞ்சம் பெரிது. நான் காப்பித் தட்டோடு போனபோது, "வெயில் இங்க ரொம்பவோ?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். நிச்சயத்துக்கு அவர் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வருவதில்லை. அவருடைய அம்மாதான் வந்து என் தலையில் பூ வைத்தார்.

துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் என் முகத்தையே பார்த்தார்கள். யாரிடம் துக்கம் விசாரிப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நான் விதவையும் இல்லை, கல்யாணப் பெண்ணும் இல்லை. அப்பாவின் தங்கை, என் அத்தை, என்னை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"அழுதிருட்டி. அழுதாத்தான் சரியாப் போவும். உள்ளயே வச்சிருந்தா நோவு வந்திரும்."

எனக்கு உள்ளே எதுவும் இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு தானே அழுதாள். அவள் தோளுக்கு மேலே தெரிந்த பருப்பு டப்பாக்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை.

பதினாறு நாள் கழிந்த பிறகு அம்மா பழக்கம்போலக் கோயில் வாசலிலிருந்து மல்லிகைச் சரம் வாங்கி வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் அதை எனக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று நின்றாள். யாரைக் கேட்பது? கடைசியில் வாழை இலையோடு மாடக்குழியில் வைத்தாள். மூன்று நாள் அது அங்கேயே இருந்து காய்ந்தது. பிறகு அம்மா பூ வாங்குவதையே விட்டுவிட்டாள், தனக்கும் சேர்த்து.

அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஒரு மாதம் அவர் ஆபீஸ் போய்வருவதும் நான் முற்றத்தில் உட்கார்ந்திருப்பதுமாகப் போனது. நான் ஏற்கெனவே பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.ஏ. பொருளாதாரம் முடித்திருந்தேன். படித்தது போதும் என்றுதான் கல்யாணம் பேசினார்கள். ஒரு நாள் சாயங்காலம் அப்பா ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"எம்.ஏ.வுக்கு அப்ளிகேஷன். ஏதோ புதுப் படிப்பாம். வணிகப் பொருளியல். எடம் இருக்காம்."

"சரிப்பா."

"ஒனக்கு வேண்டாம்னா வேண்டாம்."

"சரிப்பா."

அவர் எது சரி என்று கேட்கவில்லை. உட்கார்ந்து அவரே தன் ஆபீஸ் கையெழுத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார். கையெழுத்துப் போட மட்டும் என்னிடம் நீட்டினார்.

நேர்முகத்தில் துறைத் தலைவர், "இந்தப் படிப்பை ஏம்மா எடுத்தே?" என்று கேட்டார்.

"அப்பா அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்தாங்க சார்."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நகைச்சுவையாகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார்கள். இடம் கொடுத்தார்கள்.

பல்கலைக்கழகத்துக்குச் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறி, விருதுநகரில் வண்டி மாறிப் போகவேண்டும். அப்பா கூட வந்து விடுதியில் விட்டார். பெட்டியில் துணிகளுக்கு அடியில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். என் கல்யாண அழைப்பிதழ்கள். முந்நூறு அடித்ததில் கொடுத்தது போக மீந்தவை. ஒற்றைத் தாள், ஒரு பக்கம் அச்சு, மறு பக்கம் வெள்ளை. அப்பாவால் காகிதத்தைத் தூக்கிப் போட முடியாது. ஆபீசில் உபயோகமில்லாத தாளைக் கூடப் பின்பக்கம் எழுத எடுத்து வைக்கிறவர். என்னைப் புண்படுத்துவதற்காக வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்க்க ஆகும் என்று வைத்திருக்கிறார்.

ஆகவும் செய்தது. புள்ளியியல் தாளுக்குக் கணக்குப் போட்டுப் போட்டுக் காகிதம் தீரும். சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு. எல்லாவற்றையும் அந்த அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில்தான் போட்டுப் பார்த்தேன். பென்சிலை அழுத்தி எழுதினால் மறுபக்கத்து மஞ்சள் நிறமும் சிவப்பு எழுத்தும் லேசாகத் தெரியும். அது என்னை ஒன்றும் செய்யவில்லை.

என் அறையில் இருந்தவள் நாசரேத் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். காலையில் எழுந்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பல் தேய்ப்பாள். ஒரு நாள் அவளுக்கு ஒரு கணக்கு வரவில்லை. என் மேசையிலிருந்து நான் போட்டிருந்த தாளை எடுத்துப் பார்த்தவள், திருப்பினாள். படித்தாள். பெயரில் அவள் விரல் நின்றது.

"ஏட்டி, இது ஒன் பேருல்லா?"

"ஆமா."

"அப்ப ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"இல்ல."

"பின்ன?"

"அவரு செத்துட்டாரு. முந்தியே."

அவள் தாளை மறுபடி திருப்பி, கணக்கு இருந்த பக்கம் மேலே வரும்படி மேசையில் வைத்தாள். "இந்த நாலாவது வரி எப்பிடி வந்துச்சு?" என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் என் மேசையில் கோடு போடாத புது நோட்டு ஒன்று இருந்தது. ஆனால் அழைப்பிதழ்கள் தீரும்வரை அவற்றில்தான் எழுதினேன். தீர்ந்த பிறகு அவள் நோட்டை எடுத்தேன்.

படிப்பு எனக்கு நன்றாகவே வந்தது. வகுப்பில் இருபத்திரண்டு பேர், பெண்கள் மூன்று பேர். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. ஒரு நிறுவனம் எவ்வளவு உற்பத்தி செய்யவேண்டும், எந்த விலையில் விற்கவேண்டும், எப்போது மூடிவிட வேண்டும் என்பதற்கெல்லாம் வரைபடம் இருந்தது. வரைபடத்தில் ஒரு கோடு கீழே இறங்கும், ஒன்று மேலே ஏறும், இரண்டும் ஒரு புள்ளியில் வெட்டும். ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும், மற்றவை எல்லாம் மாறாமல் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம் என்று சொல்லுவார்கள். பையன்கள் அதைக் கேலி செய்வார்கள். மாறாமல் எப்படி சார் இருக்கும், நேற்று சாப்பாட்டில் இருந்த அப்பளம் இன்றைக்கு இல்லையே என்பார்கள். எனக்கு அந்த வாக்கியம் வசதியாக இருந்தது. அந்த இரண்டு வருஷமும் எனக்கு அப்படித்தான் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தால் போவேன். படம் பார்க்கக் கூப்பிட்டால் போவேன். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரியும், சிரிப்பேன். வீட்டிலிருந்து வாரம் ஒரு கார்டு வரும். அம்மாவுக்கு இடுப்பு வலி, மழை இல்லை, அத்தை மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். நலம் என்று பதில் போடுவேன்.

இரண்டாம் வருஷம் ஆய்வேடு ஒன்று எழுதவேண்டும். என் வழிகாட்டிப் பேராசிரியர் அவசரக்காரர். "ஒங்க ஊர்ல விசைத்தறி இருக்கில்ல? அதையே எடுத்துக்க. வீட்டுல தங்கிக்கலாம், செலவில்ல" என்று முடித்துவிட்டார். அறுபது தறிக்காரர் வீடுகள். முப்பத்திரண்டு கேள்விகள். சைக்ளோஸ்டைல் எடுத்த தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தேன்.

அதுவரை விடுமுறைக்கு வந்தாலும் நான் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. இப்போது தினமும் காலையில் குடையும் தாளுமாகக் கிளம்பினேன். அம்மா வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "சரி, போ" என்பாள். யார் எதிரே வருகிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை. நான் யாருக்கு எதிரே போகப் போகிறேன் என்று பார்த்தாள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று அவளுக்குக் கவலை. அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஒன்றும் ஆகவில்லை.

தறி ஓடும் வீட்டுக்குள் பேச முடியாது. நான்கு தறி ஒரே நேரத்தில் ஓடினால் நம் குரல் நமக்கே கேட்காது. வாசலில் நின்று கையை ஆட்டுவேன். யாராவது வந்து தறியை நிறுத்துவார்கள். நின்ற தறியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுவார்கள். அதனால் நான் வேகமாகக் கேட்கப் பழகினேன்.

ஒரு வீட்டில் புருஷன் வெளியே போயிருந்தான். மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். தறியை நிறுத்தாமலே ஓரமாக வந்து நின்றாள். நான் அவள் காதருகே கத்திக் கேட்டேன், அவள் என் காதருகே கத்திப் பதில் சொன்னாள். பதினோராவது கேள்வி வந்தது: இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என்ன? பரம்பரைத் தொழில், நல்ல வருமானம், வேறு வேலை கிடைக்காமை என்று மூன்று பதில் கொடுத்திருந்தேன். ஒன்றுக்கு நேரே குறி போடவேண்டும்.

"தேர்ந்தெடுத்ததா?" என்றாள். "கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்குள்ள வந்தேன். தறி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நின்னேன். இப்பமும் நிக்கேன்."

மூன்றில் எதற்கும் குறி போட முடியவில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டேன். அவள் என் தாளை எட்டிப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆயிட்டான்னு எங்கிட்ட கேட்டியள்லா? ஒங்களுக்கு ஆயிட்டா?"

"ஆகல. நிச்சயம் பண்ணாங்க. மாப்பிள்ளை செத்துப் போயிட்டாரு."

தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமே என்று அதைக் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. அவள் உச்சுக் கொட்டவில்லை. என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். அப்போது பின்னால் ஒரு தறி நின்றது.

"இருங்க, இழை அந்துட்டு."

போய்க் குனிந்து, அறுந்த நூலை விரலால் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டாள். தறியைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ம். அடுத்ததைக் கேளுங்க."

பன்னிரண்டாவது கேள்வியைக் கேட்டேன்.

நாற்பது வீடுகளுக்கு மேல் முடிந்திருக்கும். ஒரு நாள் மதியம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. நிழலுக்காகக் கூரைக்கடியில் ஒதுங்கினேன். அங்கே சிமெண்டுப் பெஞ்சில், மடியில் ஒயர்க்கூடையோடு, இறந்துபோன மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மெலிந்திருந்தார். அவர்தான் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ தாலுகா ஆபீசு வீட்டுப் பிள்ளைதான?"

"ஆமா அத்தை."

நிச்சயத்தன்று அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது தானாக வாயில் வந்துவிட்டது. அவர் கூடையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பிறகு நகர்ந்து இடம் விட்டார்.

"இங்கன உக்காரு. கையில என்ன தாளு?"

"படிப்புக்கு அத்தை. தறிக்காரங்ககிட்ட கேள்வி கேட்டு எழுதணும்."

"என்ன படிக்கே?"

"எம்.ஏ. வணிகப் பொருளியல்."

"அப்படின்னா?"

"ஒரு கம்பெனி என்ன செய்யணும், எவ்வளவு செய்யணும், என்ன வெலைக்கு விக்கணும்… அந்த மாதிரி."

"கடை வைக்கப் போறியா?"

"இல்ல அத்தை. வேலைக்குப் போகணும்."

"போ. போகணும்."

கோயிலுக்கு வந்ததாகச் சொன்னார். தனியாகவா என்று கேட்டேன். தனியாகத்தான், மாசம் ஒரு தடவை வருதேன் என்றார். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒன் போட்டோ எங்க வீட்லதான் இருக்கு. அவன் பெட்டியில இருந்துச்சு. திருப்பிக் குடுத்திரணும்னு ஒங்க மாமா சொல்லிக்கிட்டேதான் இருக்காக. நாந்தான் எடுத்துக் குடுக்கல. நாளைக்கு ஒனக்கு வேற எடம் பாக்கும்போது ஒன் போட்டோ எங்க வீட்ல இருக்கது நல்லா இருக்காதுல்லா. அடுத்த தடவ கொண்டு வாரேன்."

"இருக்கட்டும் அத்தை."

"வேண்டாமா?"

"ஸ்டூடியோவுல நெகட்டிவ் இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார். "நெகட்டிவ் இருக்கும்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த நாட்களில் எனக்கு நெருடுவது அந்த ஒரு வார்த்தைதான். வேண்டுமென்றே சொல்லவில்லை. நெகட்டிவ் இருக்கும் என்பது உண்மை. அந்த நேரத்தில் எனக்கு உண்மை மட்டும்தான் சொல்ல வந்தது.

சிவகிரி பஸ் வந்தது. அவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். கூடையை நான் தூக்கிக் கொடுத்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேன்."

சாப்பிடவில்லை. பஸ் கிளம்பியது. என் பட்டியலில் அடுத்த வீடு எது என்று பார்த்துக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு இன்னும் இரண்டு வீடு முடித்தேன். அந்தத் தாள்களைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது கையெழுத்து எந்த மாற்றமும் இல்லாமல் ஒழுங்காக இருந்தது.

ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் அட்டவணையில் நிறுத்தினார்.

"பதினோராவது கேள்விக்குப் பாதிப் பேருக்கு மேல பதிலே இல்லைன்னு போட்டிருக்கீங்க. ஏன்?"

"கேள்வி தப்பு சார்."

என் வழிகாட்டிப் பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எப்படித் தப்பு?"

"தேர்ந்தெடுத்தீங்களான்னு முதல்ல கேட்டிருக்கணும் சார். நான் நேரா ஏன்னு கேட்டுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஏதோ எழுதினார். நீங்கள் போகலாம் என்றார். வெளியே வந்ததும் என் அறைத்தோழி என்ன கேட்டார் என்று கையைப் பிடித்தாள். ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை என்றேன்.

முதல் வகுப்பு கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். "நல்லது" என்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டாள். அப்பா சாயங்காலம் வந்து மதிப்பெண் தாளை வாங்கி, ஒவ்வொரு தாளின் பெயரையும் எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு உறையில் போட்டுப் பெட்டியில் வைத்தார்.

அடுத்த வருஷமே ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. ஊரை விட்டு அறுபது மைல். கல்யாணம் முப்பதாவது வயதில்தான் நடந்தது. அது தள்ளிப்போனதற்கு இந்தப் படிப்பு காரணமா, கடைசியில் நடந்ததற்குக் காரணமா என்று எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. என் கணவர் நல்ல மனுஷர். முதல் வாரமே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், நெகட்டிவ் விஷயம் தவிர.

அந்த மரத்துப்போன நிலை எப்போது விட்டது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு நாளில் விடவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷத்தில் ஒரு மதியம் நினைவிருக்கிறது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மாதத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தமிழ்வழி பி.ஏ. மாணவிகள். வருமானம் கூடினால் மக்கள் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும் பொருளுக்குப் பாடத்தில் தாழ்ந்த பண்டம் என்று பெயர். தாழ்ந்த பண்டம் என்றால் என்ன, ஐந்து மதிப்பெண். ஒருத்தி ஒரே வரி எழுதியிருந்தாள்: 'தாழ்ந்த பண்டம் என்பது, விருந்தாளி வந்துவிட்டால் நாம் எடுத்து ஒளித்து வைக்கும் பண்டம் ஆகும். உதாரணம்: எங்கள் வீட்டுச் சோளக்கூழ்.'

ஒரு சத்தம் வந்தது. என் வாயிலிருந்துதான் வந்தது. எதிரே இருந்த வரலாற்று ஆசிரியை திடுக்கிட்டு நிமிர்ந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். யாரும் சிரிக்காத இடத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. வயிறு வலித்தது.

"என்ன மிஸ், என்ன ஆச்சு?" என்று அவர் எழுந்து வந்துவிட்டார்.

பேச வராமல் தாளை அவரிடம் நீட்டினேன். அவரும் படித்துவிட்டுச் சிரித்தார். "தப்புன்னு எப்படிங்க போடுவீங்க இதை?" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினேன். வரையறை பாடப்புத்தகத்தில் உள்ளபடி இல்லை. உதாரணம் சரி. ஐந்துக்கு நான்கு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.